பாதி வானம்

டிரைவர் பொய் சொல்கிறார் என்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது. போலீசும் ஆமாம் என்றது, லாரிக்காரம்மாவும் ஆமாம் என்றார். தலை நரைக்கும்வரை அந்த அம்மாவின் லாரியை ஓட்டிய மனுஷனைவிட, நேற்று வந்த பெட்டிக்கு மதிப்பு ஜாஸ்தி. இன்றைய யோக்கியதை இது.

துருவிக்கு அதைக் கேட்டதுமே எரிச்சல். துருவி என்பது ஊர் வைத்த பெயர். செக்போஸ்ட்டில் லாரிகளைக் குடைந்து பார்க்கிற வேலையில் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் சிக்கல்களைக் குடைந்து பார்த்துப் பிழைக்கிறார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. சந்தேகம் மட்டும் நிறைய. டீ கொடுத்தால்கூட கிளாசைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சொந்தக் குடும்பத்தை மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விட்டுவைத்திருந்தார்.

உதவிக்கு மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடை படுத்துவிட்டது, மாமனாரோடு சேர்ந்துகொண்டார். வாய் மட்டும் படுக்கவில்லை.

"இதோ பாருங்க ஐயா." லாரிக்காரம்மா யார்டு ஆபீஸின் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். ஊர்ப்படம் ஒன்று விரிந்திருந்தது, அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. "வண்டி மேல ஒரு பெட்டி மாட்டியிருக்கோம். சாட்டிலைட்டைப் பார்த்து வண்டி எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை முழுக்க வண்டி இந்த யார்டுலதான் நின்னிருக்கு, புள்ளி அசையவே இல்லை. இவன் என்னடான்னா, மத்தியானம் கண்ணாடியை மறந்துட்டேன்னு எடுக்க வந்தானாம், கேட் இடுக்குல பார்த்தானாம், வண்டியே இல்லையாம். நான்தான் எங்கயோ அனுப்பியிருப்பேன்னு நினைச்சுத் திரும்பிப் போயிட்டானாம்."

"மறுநாள் காலையில?"

"வண்டி இருக்கு. ஏத்தி வச்ச செம்புக் கம்பி உருளை ஒண்ணுகூட இல்லை. வண்டி நகரலைன்னா சரக்கை இங்க வச்சேதான் இறக்கியிருக்கணும். கேட் சாவி அவன்கிட்ட. தப்பு பண்ணாதவன் வண்டி இல்லைன்னு ஏன் பொய் சொல்லணும்?"

"இப்ப லாக்கப்புல?"

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்." அந்த அம்மா மேஜை விளிம்பைத் தடவினார். "அவன் பொண்டாட்டி காலையில வந்து அந்த கேட்டுல நின்னுட்டுப் போனா. ஒரு வார்த்தை பேசலை. எனக்கு மனசு கேக்கலை. மெக்கானிக் அண்ணன்தான் உங்களை வச்சுப் பார்க்கலாம்னு சொன்னார்."

ஜெயிலுக்குப் போய் வந்த டிரைவரின் கையில் எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டான். துருவிக்கு அது தெரியும். அந்த மனுஷனுக்கு வேறு தொழிலும் தெரியாது. சாயங்காலத்துக்குள் ஏதாவது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அவர் கதை முடிந்தது.

"ஏம்மா, இந்தப் புள்ளி வண்டியைக் காட்டுதா, பெட்டியைக் காட்டுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?"

"என் சட்டை கொடியில தொங்குது. அதுக்காக நான் தொங்குறேன்னு அர்த்தமா?"

"அத்தை கோபமா இருந்தா உறுதியாச் சொல்ல முடியாது மாமா" என்றார் மாப்பிள்ளை.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மெக்கானிக் உள்ளே வந்தார். கையில் டீத் தட்டு, நகக்கண் எல்லாம் கிரீஸ். மாப்பிள்ளையைப் பெற்றவர் அவர்தான். துருவிக்குச் சம்பந்தி. யார்டை ஒட்டி நிற்கிற கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறார். லாரிக்காரம்மாவின் வண்டிகளுக்கு அடியில் படுத்தே முதுகு வளைந்தவர்.

"எடுத்துக்கங்க சம்பந்தி. சர்க்கரை கம்மி."

துருவி கிளாசை வாங்கி அடியைப் பார்க்காமல் குடித்தார்.

"பெட்டியை மாட்டினது நீங்கதானே?"

"நானேதான். கேபின் மேல காந்தம் போட்டு ஒட்டியிருக்கு. உள்ளேயே பேட்டரி. நல்ல பொருள் சம்பந்தி, பொய் சொல்லாது. டிரைவர் பாவம்தான், என்ன பண்றது? ஆசை யாரை விட்டுது?" வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

"காந்தம்னு சொன்னாரே, கவனிச்சீங்களா?" என்றார் துருவி. "பிடுங்கினா வந்துடும்."

"இந்த உலகத்துல எல்லாமே பிடுங்கினா வந்துடும்னுதான் நீங்க எப்பவும் சொல்றீங்க மாமா."

யார்டில் லாரி நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் ஓட்டக்கூடாது என்று போலீஸ் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. மாப்பிள்ளை மடிக்கணினியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, ஏணியில்லாமல் கேபின்மேல் தொற்றி ஏறினார். சோப்புக்கட்டி அளவில் கறுப்புப் பெட்டி. அதை இருந்த இடத்திலேயே விட்டு, பையிலிருந்து ஒரு வயரை எடுத்துப் பெட்டியில் ஒரு முனையையும் மடிக்கணினியில் மறு முனையையும் செருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மடிக்கணினி அசையவில்லை.

"செத்துப்போச்சா?"

"உசுரு இருக்கு, பேச்சு இல்லை. இது வெறும் சார்ஜ் ஏத்துற வயர் மாமா. கரண்டு போகும், விஷயம் போகாது. கல்யாண வீட்டுல சில பேர் வந்து சாப்பிட்டுட்டு மொய் வைக்காமப் போவாங்களே, அந்த ஜாதி." வேறு வயரை எடுத்தார். அதன் கழுத்தில் பேரீச்சங்கொட்டை மாதிரி ஒரு குமிழ். "இதுதான் பேசுற வயர்."

செருகியதும் திரையில் எழுத்தும் எண்ணும் வரிவரியாக ஓட ஆரம்பித்தன. எதிர்வீட்டுச் சண்டையைக் கதவிடுக்கில் பார்ப்பது போல துருவி குனிந்து பார்த்தார்.

"யார் பேசுறா?"

"மேல சுத்துற சாட்டிலைட்டுங்க. நான் இங்கே இருக்கேன், மணி இவ்வளவுன்னு கத்திக்கிட்டே இருக்கும். பதிலே எதிர்பார்க்காது. எங்க அத்தை மாதிரி."

"உங்க அத்தை என் பொண்டாட்டி."

"அதனாலதான் உதாரணம் உங்களுக்குச் சட்டுனு புரியும்னு சொன்னேன்." மாப்பிள்ளை எதையோ தட்டினார். வரிகள் போய் ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் பச்சைப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. "இந்த வட்டம்தான் வானம். தரையில படுத்துக்கிட்டு மேல பார்க்கிறதா நினைச்சுக்கோங்க. நடுப்புள்ளி உச்சந்தலைக்கு மேல. வலது பக்கம் கிழக்கு, இடது பக்கம் மேற்கு. பெட்டி இப்ப யார் யார் குரலைக் கேக்குதோ அவங்கதான் இந்தப் புள்ளிங்க."

நாலு பக்கமும் புள்ளி இருந்தது. துருவிக்குத் திருப்தி. ஒரு யார்டில் நிற்கிற லாரியின் தலைக்கு மேலே வானம் முழுசாகத்தான் இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை பேசினதை எல்லாம் பெட்டி வச்சிருக்குமா?"

"எல்லாத்தையும் வச்சிருக்கும். ஆபீசுக்கு அனுப்பினது இடத்தை மட்டும்தான், மிச்சத்தை வயித்துக்குள்ளேயே வச்சிருக்கும். இதைப் பார்க்க யாரும் மெனக்கெட மாட்டாங்க."

"நாம மெனக்கெடுவோம். பெட்டி எவ்வளவு உயரத்துல இருந்ததுன்னும் அதுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா நம்ப முடியாது, சும்மா நின்னாலும் ஏறி இறங்கும்."

"அப்ப வேண்டாம். வட்டத்தை ஓட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. வட்டம் முழுக்கப் புள்ளிகள். மாப்பிள்ளை நேரத்தைத் தள்ளத் தள்ள, புள்ளிகள் மெல்ல நகர்ந்தன, ஒன்று கீழே மறைந்தது, ஒன்று மேலே வந்தது. சாதுவான மாடுகள் மேய்வது போல இருந்தது. மத்தியானத்தை நெருங்கும்போது வலது பாதி சட்டென்று காலியாயிற்று. கத்தியால் நடுவில் கோடு போட்ட மாதிரி. இடது பாதியில் மட்டும் புள்ளிகள்.

"நிறுத்துங்க. கிழக்குல இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். நேரத்தைத் தள்ளினார். பொழுது சாயும் நேரத்தில் வட்டம் மறுபடி முழுசாக நிறைந்தது.

"ஊர்ப்படத்துல புள்ளி?"

"அங்கேயேதான்." குரல் கம்மியிருந்தது. "யார்டுலதான். நாலடி தள்ளிப் போனாக்கூட அதுக்கு ஒரே இடம்தான்."

துருவி லாரியைச் சுற்றி நடந்தார். வண்டி நகரவில்லை, வானம் மட்டும் பாதியாகி மறுபடி முழுசாகிறது. வானத்தை எவனும் பாதி மறைக்க முடியாது. பெட்டியை வேண்டுமானால் மறைக்கலாம். பெட்டியின் முதுகில், கிழக்குப் பக்கமாக, ஒரு சுவர் வந்து நின்றிருக்கிறது. அப்படியென்றால் எவனோ பெட்டியை வண்டியிலிருந்து பிடுங்கி, சுவரோரத்தில் மேற்கே பார்த்த மாதிரி எங்கேயோ வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். சரக்கை இறக்கி, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, பெட்டியைப் பழைய இடத்தில் ஒட்டியிருக்கிறான். டிரைவர் கேட் இடுக்கில் பார்த்தபோது வண்டி நிஜமாகவே இல்லை.

"மாப்பிள்ளை, அந்த மனுஷன் சொன்னது நிஜம்."

"மேகமா இருக்கும் மாமா."

"என்னது?"

"கிழக்குப் பக்கம் மேகம் வந்து மறைச்சிருக்கும்."

"மழை நாள்ல டாக்சிக்காரன் எல்லாம் வழி தெரியாம நடுரோட்டுலயா நிக்கிறான்? விளையாடாதீங்க. இருங்க, அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரேன், அவங்க கண்ணால பார்க்கட்டும்."

லாரிக்காரம்மா போனில் இருந்தார். முடித்துக்கொண்டு துருவியோடு வருவதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் திரை வெறுமையாகக் கிடந்தது. 'இணைப்பு இல்லை' என்று ஒற்றை வரி.

"போயிடுச்சு மாமா." மாப்பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பழைய பெட்டி. உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"கடவுளே" என்றார் லாரிக்காரம்மா.

துருவி பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து தொங்கிய வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மடிக்கணினி வரைக்கும் வந்தார். வயரின் கழுத்தில் குமிழ் இல்லை.

பெட்டி செத்தால் மாப்பிள்ளை இரங்கல் கூட்டமே நடத்தியிருப்பார். கொஞ்ச நேரமாக ஒரு கிண்டலும் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அம்மா, நீங்க ஆபீசுல இருங்க. கூப்பிடுறேன்."

அந்த அம்மா ஆபீஸ் கதவைச் சாத்தியதும் துருவி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"வயரை மாத்திட்டீங்க."

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை.

"நான் படிக்காதவன். எழுத்து ஓடினா எனக்குப் புரியாது. வயரை வயரா பார்க்கத் தெரியும்ல? யாருக்காக இதைப் பண்ணீங்க?"

பதிலுக்காக அவர் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. யார்டின் கிழக்கு எல்லையில் ஒரே ஒரு கட்டடம். மாடியில் மேற்கே பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அந்த அறையில்தான் துருவியின் மகளுக்கு நிச்சயம் பேசினார்கள். அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் அவர் வெற்றிலை மென்றார்.

"சின்ன வயசுல ரேடியோ வீட்டுக்குள்ள எங்க வச்சாலும் இரையும்" என்றார் மாப்பிள்ளை, யாரிடமோ சொல்வது போல. "அந்த ஜன்னல் கட்டையில வச்சாத்தான் எடுக்கும். வானத்துலேருந்து வர்றது எதுவா இருந்தாலும் அப்பா அங்கதான் கொண்டுபோய் வைப்பார். அந்தப் பாதி வட்டத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு மாமா."

"தெரிஞ்சதும் என்கிட்ட சொல்லத் தோணலை. வயரை உருவத் தோணுச்சு."

"அவர் எங்க அப்பா."

"நான் யாரு?"

துருவி மாடிப்படியை நோக்கி நடந்தார்.

மெக்கானிக் கைகளுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். துருவி நேராக ஜன்னலிடம் போனார். கட்டையில் தூசி படிந்திருந்தது. ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு மட்டும் தூசி இல்லை.

"கீழே மண்ணுல போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது சம்பந்தி. ஏன் இங்க வச்சீங்க?"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். தான் அகப்பட்டுக்கொண்டது அவருக்கு விளங்கிவிட்டது என்று துருவிக்கும் விளங்கியது.

"மண்ணுல போட மனசு வரலை. நான் மாட்டின பொருள். ஏதாவது வண்டி ஏறிட்டா?"

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பார்த்தீங்க. அந்த மனுஷனை லாக்கப்புல உட்கார வச்சீங்க."

"அவன் கண்ணாடியைத் தேடி வருவான்னு நான் கண்டேனா? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யார்மேலயும் வந்திருக்காது. வண்டி இல்லைன்னு அவனே போய்ச் சொன்னான்." துணியை மடித்து வைத்தார். "எத்தனை காலம் அடுத்தவ வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறது? எனக்குன்னு ஒரு பட்டறை வேணாமா? ரிப்பேருக்குன்னு செஞ்சு வச்ச மாத்துச் சாவி கையிலேயே இருந்தது. சரக்கு மரவாடிக்குப் பின்னாடி ஷெட்டுல பத்திரமா இருக்கு. இன்னும் விக்கலை."

"சரி, பண்ணிட்டீங்க. அதுல என்னை எதுக்கு இழுத்தீங்க? துருவியைக் கூப்பிடுங்கன்னு அந்த அம்மாகிட்ட சொன்னது நீங்கதான்."

மெக்கானிக், இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்பது போலச் சொல்லிவிட்டார். "நான் சொல்லலைன்னா வேற யாரையாவது கூப்பிட்டிருப்பாங்க. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனா அப்பன்னு தெரிஞ்சா மூடிடுவான். நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா, அதுக்கு மேல யாரும் கிளற மாட்டாங்க. உங்க பேச்சுக்கு ஊருல அவ்வளவு மரியாதை சம்பந்தி."

மரியாதை என்ற சொல் துருவியின் காதில் ஆணி மாதிரி இறங்கியது. தன்னை மடையன் என்று கண்டுபிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். பெற்ற பிள்ளையையும் திருட்டுக்குப் பூட்டாக மாட்டியிருக்கிறார். செக்போஸ்ட்டில் எத்தனை பேரை அவர் சந்தேகப்பட்டிருப்பார். இந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மூடிடுவான்னு சொன்னியாப்பா?"

"டேய், உன் நல்லதுக்கும்தான்டா. பட்டறை யாருக்கு? நாளைக்கு உனக்குத்தானே?"

மாப்பிள்ளை திரும்பிப் படியிறங்கினார்.

துருவி பின்னாலேயே இறங்கினார். லாரியருகே நின்று லாரிக்காரம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு, அவர் வருவதற்குள் மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சொன்னா போலீஸ் கேக்காது. சம்பந்திச் சண்டைன்னு சிரிப்பான். பெட்டி சொன்னாத்தான் கேப்பான். அதைப் பேச வைக்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் கெஞ்ச மாட்டேன். வெயில் தாழுது, அங்க ஒருத்தரை வண்டியில ஏத்தப் போறாங்க."

மாப்பிள்ளையின் கை பாக்கெட்டுக்குள் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. துருவி மாடி ஜன்னலைப் பார்க்கவில்லை. அங்கே யார் நின்றுகொண்டு பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

குமிழ் வைத்த வயர் வெளியே வந்தது.

வரிகள் ஓடின. வட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முழு வானம், மத்தியானம் பாதி வானம். மாப்பிள்ளை ஒரு வாத்தியாரைப் போல, ஒரு கிண்டலும் இல்லாமல், எல்லாவற்றையும் லாரிக்காரம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். பெட்டி ஒரு ஜன்னலில் இருந்தது என்றார். அந்த நேரத்தில் வண்டி வெளியே போயிருக்கிறது என்றார்.

"எந்த ஜன்னல்?" என்று கேட்டார் அந்த அம்மா.

துருவி வாயைத் திறக்கவில்லை.

"எங்க வீட்டு ஜன்னல்மா" என்றார் மாப்பிள்ளை.

மரவாடிக்குப் பின்னால் ஷெட்டைத் திறந்து செம்பு உருளைகளைப் பார்த்த பிறகு போலீசுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே வந்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார்.

லாரிக்காரம்மா தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுப்பா, வீட்டுல விட்டுடுறேன். நாளைக்கு லோடு இருக்கு. நீதான் எடுக்கணும்."

டிரைவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா" என்றார். "நடந்தே போயிக்கிறேன்."

அவர் தெரு திரும்பும்வரை அந்த அம்மா கார்க் கதவை மூடவில்லை.

துருவி பஸ் ஏறினார். பின்னாலேயே மாப்பிள்ளையும் ஏறினார். கூட்டம் இல்லை. துருவி ஜன்னலோரமாக உட்கார்ந்தார், பக்கத்து இடம் காலியாக இருந்தது. மகளிடம் இதை யார் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று இரண்டு பேருமே யோசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

காலையில் வந்தபோது இந்தப் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள். உட்காருங்க என்று சொல்ல துருவிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் செலவு. கடைசி நிறுத்தம் வரை அது வாயில் வரவில்லை. மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.